ஃபஹாஹீலில் ஒரு விமான நிலையம்

டைரக்டர் சாப் என் கடைக்கு முதன்முதலாக வந்த அன்றைக்கே இரண்டு தடவை நுழைந்தார். முதல் தடவை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து சலாம் சொன்னபோது நான் குனிந்து அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிராமலே பதில் சலாம் சொன்னேன். அவர் வெளியே போனார். நான் நிமிரும்வரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். பிறகு மறுபடியும் கதவைத் திறந்து வந்து, என் கண்ணைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கனத்த குரலில் சலாம் சொன்னார். மனுசனுக்கு மறை கழன்றிருக்கிறது என்று நினைத்தேன். அந்த முடிவோடு நான் நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

குவைத்தில், ஃபர்வானியாவில், நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் கீழே சிடி வாடகைக் கடை வைத்திருந்தேன். ஊரில் சொந்தக் கடை என்று சொல்லிக்கொள்வேன். பலகையில் கஃபீலின், அதாவது எனக்கு விசா கொடுத்த அரபியின் பெயர்தான் இருக்கும். தமிழ், மலையாளம், ஹிந்தி மூன்றும் வைத்திருந்தேன். மூன்றுமே திருட்டு சிடிதான், அதை மறைப்பானேன். வந்தவர் ஒரு பழைய ஹிந்திப் படத்தின் பெயரைச் சொல்லி இருக்கிறதா என்றார். இருக்கிறது, ஆனால் யாரும் எடுப்பதில்லை, இரண்டாம் பாதி ஒரே இழுவை என்றேன். அவர் கோபப்படவில்லை. இரண்டாம் பாதியை மறுபடி எடுக்கலாம் என்று தயாரிப்பாளரிடம் காலில் விழாத குறையாகக் கேட்டேன், விடவில்லை என்றார். அப்படித்தான் அவர் அந்தப் படத்தின் இயக்குநர் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வாரத்தில் நாலு நாளாவது வருவார். தன் படத்தையே போடச் சொல்லி, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார். திருட்டு சிடி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தப் பிரதியில் இருட்டு ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று மட்டும் குறைபட்டுக்கொள்வார். கதாநாயகி மாடிப்படி இறங்கும் இடம் வந்தால் போதும், தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏக் அவுர் லேனா சாஹியே தா" என்பார். இன்னொன்று எடுத்திருக்க வேண்டும். அந்த ‘ஏக் அவுர்’தான் அவருடைய பிஸ்மி. காலையில் எழுந்ததும் அதைச் சொல்லித்தான் கண்ணைத் திறப்பார் என்று நினைக்கிறேன்.

மும்பையில் இருந்த மனைவியிடம் என் கடை போனில் கார்டு போட்டுப் பேசுவார். பேச்சு எப்போதும் சண்டையில் முடியும். வைத்துவிட்டு ஐந்து நிமிடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். பிறகு மறுபடியும் எண்ணை அழுத்தி அதே சண்டையை முதலிலிருந்து போடுவார். இந்தத் தடவை வார்த்தைகள் கூர்மையாக இருக்கும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவார். அந்த அம்மாவும் எடுத்துப் பேசினாரே, அவரைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு நாள் அந்த அம்மா போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

தன் வாழ்க்கையையும் இப்படித்தான் எனக்குச் சொன்னார். அப்பா ஒரு தடவை ரயில்வேயில் கிளார்க்காக இருந்தார். இன்னொரு தடவை பள்ளிக்கூட வாத்தியார். மூன்றாவது தடவை அப்பாவே இல்லை, அம்மா வீடு வீடாகப் போய்த் துணி தைத்து வளர்த்தாள். பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிட நன்றாக இருந்தது. நான்கூட மூன்றாவதையே எடுத்துக்கொண்டேன்.

உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். லக்னோ பக்கத்துக்காரர். பம்பாயில் பத்து வருடத்துக்கு மேல் உதவி இயக்குநராக இருந்தார். முதல் படம் நன்றாக ஓடியது. இரண்டாவது, என் கடையில் இருந்தது, எடுத்ததையே எடுத்து முடிக்காமல் வைத்திருந்ததால் தயாரிப்பாளர் பிடுங்கி யாரையோ வைத்து முடித்தார். மூன்றாவது படம் இழுத்த இழுப்பில் கதாநாயகன் பருத்துவிட்டான். முதல் பாதியில் ஒருவன், இரண்டாம் பாதியில் அவன் அண்ணன் என்று ஆகிப்போனது. அதோடு பம்பாயில் அவரைக் கூப்பிட ஆளில்லை. குவைத்தில் ஒரு கலைநிகழ்ச்சியை நடத்தித் தரக் கூட்டி வந்தார்கள். நிகழ்ச்சி நடக்கவில்லை, கூட்டி வந்தவன் ஊருக்கு ஓடிவிட்டான். இவர் யாரோ ஒரு அரபியைப் பிடித்து வீட்டு டிரைவர் விசாவில் தங்கிவிட்டார். கார் ஓட்ட அவருக்குத் தெரியாது.

பிழைப்புக்குக் கல்யாண வீடியோ எடுத்தார். ஒரு ஹைதராபாத் குடும்பத்து நிக்காஹ்வில் நானே இருந்தேன். மாப்பிள்ளை மூன்று தடவை சம்மதம் என்று ‘கபூல்’ சொல்லி முடித்ததும் இவர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, "ஏக் அவுர், துல்ஹா மியான்" என்றார். மூன்றாவதில் மாப்பிள்ளையின் கண் கீழே போய்விட்டதாம். காஜி எழுந்து நின்றுவிட்டார். மார்க்கத்தில் இல்லாத நாலாவது எதற்கு என்று அவர் கத்த, பெண்ணின் மாமா இவர் சட்டையைப் பிடிக்க, நான்தான் நடுவில் புகுந்து வெளியே இழுத்து வந்தேன். வாசலில் நின்றுகொண்டு, காஜி கோபமாக எழுந்த இடம் நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வளைகுடாவில் இருபது வருடம் இருந்தவனுக்கு இது புரியும். அங்கே நம்மிடம் யாரும் எதையும் நன்றாகச் செய் என்று சொல்வதில்லை. யல்லா, ஜல்தி, கலாஸ், அதாவது கிளம்பு, சீக்கிரம், முடிந்தது, இவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற பேச்சு. இந்த ஒரு மனிதர்தான் அவசரமில்லை, இன்னொரு தடவை செய்யலாம், உன்னால் முடியும் என்று சொன்னார். பால் விடாத சுலைமானி டீ போட்டுக் கொடுத்தால்கூட ஒரு வாய் குடித்துவிட்டு, பாய், இதைவிட நன்றாக உனக்குப் போட வரும் என்பார். நானும் எழுந்து போய் மறுபடி போடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை. இன்றைக்கு நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

என் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தமிழ் ஆட்களுக்கான மெஸ் ஒன்று நடந்தது. அங்கே சமைத்தவன் கோட்டைச்சாமி. முதுகுளத்தூர்ப் பக்கம், நான் அதே ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைக்காரன் என்பதால் ஒட்டிக்கொண்டான். தோட்ட வேலை என்று கூட்டி வந்து பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டிருக்கிறார்கள். ஒரு வருடம் தாக்குப்பிடித்துவிட்டு ஓடி வந்துவிட்டான். பாஸ்போர்ட் கஃபீலிடம். கையில் ஒரு காகிதமும் கிடையாது. இப்படிப்பட்டவர்களை அங்கே கல்லிவல்லி என்போம். போலீஸ் செக்கிங் என்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். ஆறு வருடம் ஊர் பார்க்கவில்லை. இவ்வளவுக்கும் அவன் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு உட்கார்ந்திருக்கும். பல் வரிசையே அப்படி, வாயை மூடினாலும் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். கெட்ட செய்தியையும் சிரித்த முகத்தோடுதான் சொல்வான்.

அப்படித்தான் அவன் மனைவி பஞ்சவர்ணத்துக்கு நெஞ்சில் வால்வு கெட்டுப்போனதைச் சொன்னான். மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மா மேசையில் ஏற மாட்டேன் என்று நிற்கிறார். அண்ணன் கையெழுத்துப் போடலாம், பெற்ற தகப்பன் போடலாம், ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொள்வார்கள். அவருக்குத்தான் ஒப்பவில்லை. தாலி கட்டியவர் வந்து கையெழுத்துப் போடட்டும், அதற்கும் வரவில்லை என்றால் நான் பிழைத்து என்ன செய்யப்போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை நாளைத் தள்ளியாகிவிட்டது. இன்னொரு தடவை தள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தது. காகிதம் இல்லாதவர்கள் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் நாட்டைவிட்டுப் போய்விட்டால் அபராதமும் இல்லை, சிறையும் இல்லை. கோட்டைச்சாமி தூதரக வாசலில் நாள்கணக்கில் வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் கொடுக்கிற அவுட்பாஸை வாங்கிவிட்டான். ஊருக்குப் போகிற விமானமெல்லாம் நிரம்பி வழிந்தது. மெஸ்காரர்கள் அலைந்து ஒரு டிக்கெட் பிடித்துக் கொடுத்தார்கள். அது மன்னிப்பின் கடைசி நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு விமானம். கூட்டமாக இருக்கும், மூன்று மணிக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

டைரக்டர் சாப் அதற்கு முன்பே ஒரு சின்ன கேமராவை வைத்துக்கொண்டு படம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார். இங்கே உழைக்கிறவர்களைப் பற்றிய படம். ஓர் அறையில் எட்டுப் பேர் உறங்குவது, பஸ்ஸுக்கு நிற்பது, மெஸ்ஸில் பாத்திரம் கழுவுவது என்று வருடக்கணக்காக எடுத்திருந்தார். அவர் ஹிந்தியில் சொல்வதை நான்தான் நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்வேன். எல்லாம் இருந்தது, முடிவுதான் இல்லை. கோட்டைச்சாமி ஊருக்குப் போகிறான் என்று நான் சொன்ன அன்றைக்கு அவர் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். முடிவு கிடைத்துவிட்டது என்றார். பெட்டியோடு போகிறான், கண்ணாடிக் கதவு திறக்கிறது, திரும்பி ஒரு பார்வை பார்க்கிறான், உள்ளே போகிறான், அவ்வளவுதான்.

குவைத் விமான நிலையத்தில் கேமராவைத் தூக்கினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. கடலோரத்தில் ஃபஹாஹீலில் ஒரு மரச்சாமான் ஷோரூம், தானாகத் திறக்கும் பெரிய கண்ணாடிக் கதவு. அதன் மேனேஜருடைய தங்கை கல்யாணத்தை இவர்தான் எடுத்திருந்தார். முற்றத்தில் நாலு தள்ளுவண்டியையும் இரண்டு பெட்டியையும் வைத்தால் அசல் ஏர்போர்ட்.

ஏன் முந்தின நாள் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். போகிற நாளில்தான் அந்த முகம் இருக்கும் என்றார்.

கோட்டைச்சாமிக்கு மனதில்லை. எனக்காகத்தான் சம்மதித்தான். காலையில் என் காரில் பெட்டியை ஏற்றிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நேரம் பத்துமா பாய்? அவ நாளக்கி மதுரைக்கி வந்து காத்துக்கிட்டு இருப்பா."

"ரெண்டு மணி நேர வேலப்பா. நா இருக்கேன்ல. நானே கொண்டுபோயி விட்டுர்றேன்."

இதைச் சொன்னவன் டைரக்டர் சாப் இல்லை. நான்.

பத்து மணிக்குச் சாப் முதல் தடவை எடுத்தார். அவுட்பாஸை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரியின் கை வேண்டும் என்றார். என் கைக்கு ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டையை மாட்டிவிட்டார். அதிகாரியாக என் கை நடித்தது. கோட்டைச்சாமி காகிதத்தை வாங்கினான், நடந்தான், கதவு திறந்தது, திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

சிரிக்கக் கூடாது என்று சொல் என்றார் சாப். சொன்னேன். மறுபடி எடுத்தார். மறுபடியும் சிரிப்பு.

"நா சிரிக்கலையே பாய்" என்று அவன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஆறு வருட வேதனையை விட்டுவிட்டுப் போகிறவன், இழந்ததையெல்லாம் நினைத்துக் கனத்த முகத்தோடு திரும்ப வேண்டும் என்றார் சாப். நான் அதைத் தமிழில் சொன்னேன். கோட்டைச்சாமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பாவம், அவனுக்கு இழந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. ஊருக்குப் போகிறவன் அவன். பொண்டாட்டியைப் பார்க்கப் போகிறவன். கதவைப் பார்த்து நடக்கிறபோதே அவனுக்கு மதுரை தெரிந்துவிட்டது. எப்படிச் சிரிக்காமல் இருப்பான். ஏழு தடவை, எட்டுத் தடவை. பிறகு நான் எண்ணவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடியில் வெயில் கூசுகிறது என்று நிறுத்தினார். நிழல் திரும்பட்டும் என்றார். பிரியாணிப் பொட்டலம் வந்தது. கோட்டைச்சாமி பிரிக்கக்கூட இல்லை. பெட்டியின்மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றரைக்கு நான் எழுந்து, சாப், கலாஸ், நாங்கள் கிளம்புகிறோம் என்றேன். அவர் என் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போனார். பாய், உன் கை எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது தெரியுமா, வா காட்டுகிறேன் என்று கேமராவின் சின்னத் திரையில் காட்டினார். நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதிகாரியின் கையேதான். ஏக் அவுர், அவ்வளவுதான் என்றார். நான் திரும்பி வந்து கோட்டைச்சாமியிடம், இன்னும் ஒரே ஒரு தடவை என்று சொன்னேன்.

அந்த ஒரே ஒரு தடவை எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது கடைசித் தடவை மட்டும்தான். அவன் காகிதத்தை வாங்கிக்கொண்டு நடந்தான். கதவு திறந்தது. அப்போது பக்கத்துப் பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். மூன்று மணி தாண்டிவிட்டது. அஸர் பாங்குக்கு மெஸ்ஸில் தேயிலைத் தண்ணீர் கொதிக்க வேண்டும், ஐந்து வருடமாக அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவன் அடுப்பு மூட்டியவன். சட்டென்று திரும்பினான். கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. நான் பார்த்த வரையில் அந்த முகத்தில் சிரிப்பு இல்லாதது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"யஹீ!" என்று கத்தினார் சாப். "யஹீ சாஹியே தா." இதுதான் வேண்டியிருந்தது.

நான் காரை எடுத்தேன். சாப் வரவில்லை, ஒலி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஃபஹாஹீலிலிருந்து விமான நிலையம் சாதாரண நாளில் அரை மணி நேரம். அன்றைக்கு நாட்டிலிருந்த கல்லிவல்லியெல்லாம் ஒரே சாலையில் போனது. காரும் பஸ்ஸும் டாக்சியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. உள்ளே ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தே கால். கவுண்டரில் இருந்தவன் காகிதத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. கையை விரித்து, "மாஃபி" என்றான், இல்லை என்று. வேறு எந்த விமானத்திலும் ஓர் இடம் கிடையாது. நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், அரபியிலும் ஹிந்தியிலும் அழுதேன். கோட்டைச்சாமி பழையபடி சிரித்த முகத்தோடு அந்தக் கவுண்டர்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு மெஸ்ஸிலேயே ஒளிந்திருந்தான். தேதி முடிந்த கையோடு போலீஸ் கட்டடம் கட்டடமாக ஏறியது. இரண்டு மாதத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கஃபீல், இவன் ஓடிப்போய்விட்டான் என்ற புகாரோடு ஒரு திருட்டுப் புகாரும் கொடுத்து வைத்திருந்தான். அது பொய் என்று தெரிந்து விடுவித்து ஊருக்கு அனுப்ப ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்துக்குள் பஞ்சவர்ணம் செத்துப்போனார். கடைசிவரைக்கும் மேசையில் ஏறவில்லை.

அந்தச் செய்தி வந்த மறுநாள் டைரக்டர் சாப் கடைக்கு வந்தார். வாசற்படியிலேயே நின்று, "பாய், முஜ்சே குனாஹ் ஹுவா" என்றார். பாவம் செய்துவிட்டேன் என்று. முகத்தைத் துடைக்கக்கூட இல்லை, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என் நெஞ்சு இளகிவிட்டது. கல்லாவை விட்டு எழுந்து அவர் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் அவர் திரும்பி வெளியே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கர்சீப்பால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் உள்ளே வந்து, இந்தத் தடவை கல்லா வரைக்கும் நடந்து வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஒரு பெண்ணின் உயிர் என் கேமராவுக்குள் இருக்கிறது பாய் என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு கையை விட்டுவிட்டு இன்னும் மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல், அதையே வேறு மாதிரி சொன்னார். மூன்றாவதுதான் மிக நன்றாக இருந்தது. முதலாவதோடு நிறுத்தியிருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

படத்தை ஃபர்வானியாவில் ஒரு சங்கத்து ஹாலில் திரையிட்டார். நானும் போனேன், போகாமல் இருக்க முடியவில்லை. என் கை திரை முழுக்க வந்தது. கடைசியில் கோட்டைச்சாமி திரும்பிப் பார்த்தபோது ஹாலில் மூக்கு உறிஞ்சும் சத்தம் நாலாபக்கமும் கேட்டது. எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு நர்ஸம்மா தேம்பித் தேம்பி அழுதார். பிரிவின் துயரம் என்று மேடையில் ஒருவர் பேசினார். அது பிரிவின் துயரம் இல்லை, பிளேன் போயிருக்குமோ என்ற பயம் என்று எழுந்து சொல்ல எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சாபுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கேமராக்காரர் சரியாக எடுக்கவில்லை என்று அதை அவர் இன்னொரு தடவை போர்த்திக்கொண்டார்.

அந்தப் படத்தை வைத்துத்தான் அவர் மும்பை திரும்பினார். வெளிநாட்டு விழா ஒன்றுக்குப் போனது, பரிசும் கிடைத்தது. டிவியில் ஒரு தொடர் கொடுத்தார்கள், அடுத்து படமும் கொடுத்தார்கள். ஹிந்திப் பத்திரிகையில் வந்த அவருடைய பேட்டி ஒன்றை மெஸ்காரர் ஒருவர் என்னிடம் கொண்டு வந்து கொடுத்தார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். அந்தக் கடைசிப் பார்வையை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அசல் விமான நிலையம், அசல் மனிதன், ஒரே டேக், நிஜ வாழ்க்கையை யாராலும் இயக்க முடியாது என்று சொல்லியிருந்தார். பக்கத்தில் போட்டோ. தாடி வைத்திருந்தார், நன்றாக இருந்தது. நான் பத்திரிகையைக் கிழிக்கவெல்லாம் இல்லை, மடித்துக் கல்லாவுக்குள் போட்டேன். அவர் செழிப்பாக இருக்கிறார் என்பது எனக்கு இன்றுவரைக்கும் செரிக்கவில்லை.

கோட்டைச்சாமி ஊர் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் போன் செய்தான். மனைவியைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

"பாய், அந்தப் படம் சிடி ஒண்ணு கெடச்சா லீவுல வரையில கொண்டாங்க. தேவ இருக்கு."

தன் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஐப்பசியில் ஊர் போனபோது எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் டிவியும் பிளேயரும் தயாராக இருந்தன. பஞ்சவர்ணத்தின் அண்ணன் நாற்காலியில் இருந்தார். அவரை ஒட்டி கோட்டைச்சாமியின் மகள், பத்து வயதிருக்கும். தாய் செத்ததிலிருந்து மாமன் வீட்டில்தான் வளர்கிறாள். கோட்டைச்சாமி என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் பேசினான். இவன் வேண்டுமென்றுதான் வரவில்லை, அங்கே யாரையோ வைத்திருக்கிறான் என்று மச்சான் வீட்டில் நம்பிவிட்டார்கள். பிள்ளையைத் தர மாட்டேன் என்கிறார்கள். ஏர்போர்ட்டில் அதிகாரி காகிதம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார் என்று இவன் சொல்லிப் பார்த்திருக்கிறான். நம்பவில்லை.

"படத்துல நடிக்கப் போயி பிளேன விட்டேன்னு எப்படிப் பாய் சொல்றது? அந்தப் புள்ள மூஞ்சியில எப்படி முழிப்பேன்? பொட்டியோட ஏர்போர்ட்டு வாசலுக்கு வந்ததாச்சும் இதுல இருக்குல்ல. அதப் பாத்தா நம்பிருவாக. நீங்களும் ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

அவன் அந்தப் படத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் பார்த்தவன். அந்த நிமிடம் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை, தலையாட்டினேன்.

படம் ஓடியது. கடைசிக் கட்டம் வந்ததும் கோட்டைச்சாமி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றான். "இந்தா பாருங்க மச்சான், அன்னக்கித்தான் இது. ஏர்போர்ட்டுத்தான பாய்?" என்றான்.

"ஆமா, ஏர்போர்ட்டுதான். நான்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றேன்.

திரையில் அதிகாரியின் வெள்ளைக் கை காகிதத்தை வாங்கிப் பார்த்தது. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தது. அவன் நடந்தான். கதவு திறந்தது. திரும்பி ஒரு பார்வை பார்த்தான். உள்ளே போனான். கதவு மூடியது. ஹிந்தியில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

மச்சான் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. சண்டைக்காரர் மாதிரியே தெரியவில்லை. நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் வந்து உட்கார்ந்திருந்தார் என்று எனக்குப் பட்டது.

"காயிதத்தப் பாத்துட்டுக் குடுத்துட்டாகளே மாப்ள. கதவத் தொறந்து விட்டுட்டாக. ஒருத்தரும் தடுக்கலையே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உள்ள போனவரு எங்க போனாரு பாய்?" என்று கேட்டார்.

அது ஏர்போர்ட் இல்லை, மரச்சாமான் கடை, அந்தக் கை என்னுடையது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். சற்றுமுன்தான் ஏர்போர்ட் என்று சொன்னேன். மாற்றிச் சொன்னால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் எழுந்து, பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தகப்பனைத் திரும்பிப் பார்க்காமலே மாமன் கூட நடந்தாள்.